கௌதமன் ஏற்றமை

மனையாளால் வஞ்சிக்கப்பட்டவனைக் கொம்பு முளைத்தவன் என்று மேனாட்டு நாடகங்கள் எள்ளும். வள்ளுவரோ, பிறனில் விழையாமையில், அவனைப் 'பிறன்' என்ற அளவில் விடுகிறார், பழியெல்லாம் விழைந்தவனுக்கே.

கௌதமனையும் ஆதிகவியோ கம்பநாட்டாழ்வாரோ நகையாடிற்றிலர். இந்திரன் என்று அறிந்தபின்னும் அகலிகை விலக்கிலள் என்பது இருவர்க்கும் உடன்பாடு. வான்மீகத்தில் அவள் பிறர் காணாவண்ணம் சாம்பலிற் கிடக்கிறாள். பெருமாளும் இளையபெருமாளும் அவளடி தொடுகின்றனர். கம்பரில் கல்லாகிப் பெருமாள் திருவடித்துகளால் எழுகிறாள். சாபவிடை அங்கேயே முடிந்தது. ஆயினும் விசுவாமித்திரர் கௌதமனை அடைந்து, இவள் மனத்தால் குற்றமற்றவள், ஏற்றுக்கொள்க என்கிறார். அறிந்தும் விலக்காதாளை அவ்வாறு சொல்லலாமோ எனின், துகள் பட்டபின் உள்ள நெஞ்சையே முனிவர் சொன்னார் என்பது அடியேன் துணிபு. சபித்த கணவனும் மறுசொல்லின்றி ஏற்றான்.