பிளேக்கின் எதிரே அமர்ந்தவர்கள்

எதிரே எவரும் இல்லாத நாற்காலியை ஏறிட்டுப் பார்த்துப் பார்த்து ஒருவர் உருவப்படம் வரைந்தால் அவரை நாம் என்னவென்று அழைப்போம்? ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் விடயத்தில் அவசரமாக விடை சொன்னது ஒரு பத்திரிகை. 1809இல் இலண்டனில், தமையனாரின் காலுறைக் கடை மாடியில் அவர் தமது ஓவியங்கள் பதினாறைக் காட்சிக்கு வைத்தார். வந்தவர்கள் வெகு சிலரே. ‘எக்ஸாமினர்’ வார இதழில் றொபேட் ஹண்ட் எழுதிய விமர்சனம் அவரைப் பித்தர் என்றே தீர்ப்பளித்தது. அதன்பின் பிளேக் தனிக் கண்காட்சி எதனையும் நடத்தவில்லை.

பத்தாண்டுகள் கழித்து, 1819இல், ஜோன் வார்லி என்ற நீர்வண்ண ஓவியர் அவரிடம் வேறுவிதமாக நடந்துகொண்டார். சோதிடத்தில் ஊறிய வார்லி, இரவு வேளைகளில் பிளேக்கின் அருகே அமர்ந்து, மறைந்த மன்னர்களையும் வீரர்களையும் வரையும்படி கேட்பார். பிளேக் பென்சிலை எடுப்பார். ஸ்கொட்லாந்து வீரன் வில்லியம் வொலஸை வரைந்துகொண்டிருக்கையில் அவனது பகைவன் முதலாம் எட்வேர்ட் மன்னன் குறுக்கே வந்து நின்றதாகக் கூறி, அவனையும் வரைந்தார். தெள்ளுப்பூச்சியின் ஆவி வாயைத் திறந்துவிட்டது என்று நிறுத்தி, அந்த வாயைத் தனியாக வரைந்தார். குருதி வேட்கை கொண்ட மனிதரின் ஆன்மாக்களே தெள்ளுப்பூச்சிகளில் குடியிருக்கின்றன என்பது அவர் சொன்ன விளக்கம். பின்னர் அதே உருவத்தைப் பொற்தகடு சேர்த்துச் சிறு மரப்பலகையில் தீட்டினார். இன்று அது ரேற் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. கனவில் தமக்கு ஓவியம் கற்பித்தவரின் முகத்தையும் அவர் வரைந்திருக்கிறார்.

வார்லி ஆவிகளை மெய்யென்றே நம்பினார். பிளேக்கோ அவற்றைத் தம் கற்பனைக் கண்ணால் கண்டவர். இவ்வேறுபாட்டை ஹண்ட் பார்க்கத் தவறினார் என்பது என் எண்ணம்.

பித்தென்று ஒதுக்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1787இல் மறைந்த தம்பி றொபேட், பின்னர் தம்முன் தோன்றி ஒரு புதிய அச்சுமுறையைக் கற்பித்ததாகப் பிளேக் கூறிவந்தார். செப்புத்தகட்டில் அமிலம் அரிக்காத திரவத்தால் எழுத்தையும் படத்தையும் வரைந்து, எஞ்சிய பகுதியை அமிலத்தால் அரித்தெடுக்கும் முறை அது. 1789இல் தம் கவிதை நூலை அவர் அவ்வாறே அச்சிட்டார். கனவு வழியைக் காட்டியிருக்கலாம். தகட்டை அரித்து, மைபூசி, தாளில் பதித்தது விழித்திருந்த கைகள்.

1827இல் இலண்டன் பன்ஹில் இடுகாட்டில் அடையாளக்கல் இன்றி அவர் புதைக்கப்பட்டார். உடல் கிடந்த சரியான இடத்தில் 2018இல்தான் கல் நாட்டப்பட்டது. எழுதுபவனின் ஒரு சொல் ஒரு கலைஞனை எத்தனை காலம் துரத்தக்கூடும் என்பதை, பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாம் மறக்கலாகாது.