பட்ஜெட் தாமதமும் உறுப்பினர் சம்பளமும்: ஒரு விதியின் வரலாறு

'வேலை இல்லையேல் ஊதியம் இல்லை' என்ற விதி இந்தியாவில் முதலில் தொழிலாளிக்காக எழுதப்பட்டது. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், வேலைக்கு வராத நேரத்துக்கு உரிய சம்பளத்தை மட்டுமே பிடிக்கலாம் என்றது. அதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி, ஒப்பந்தப்படி தர வேண்டிய முன்னறிவிப்பைத் தராமல் நின்றுவிட்டால், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க முதலாளிக்கு அது இடம் கொடுத்தது. பேங்க் ஆஃப் இந்தியா ஊழியர் கேலாவாலா வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் இந்த விதியை உறுதி செய்தது. வேலைநிறுத்தம் சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும் இருந்தாலன்றி அந்த நாட்களுக்குச் சம்பளம் கோர முடியாது என்று 1994-இல் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. குன்றத்தூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழில் வட்டாரத்தில் இந்த வாசகத்துக்கு விளக்கம் தேவையில்லை. 2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது நிர்வாகம் தொழிலாளர்களுக்கு அனுப்பிய அறிவிப்பிலும் இதே விதிதான் இருந்தது.

சட்டம் இயற்றுவோரின் சம்பளம் வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. சொத்து இல்லாதவரும் நாடாளுமன்றத்தில் உட்கார வேண்டுமானால் உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டும் என்று 1838-இல் பிரிட்டனின் சார்ட்டிஸ்ட் இயக்கம் கேட்டது. அது நிறைவேற 1911 வரை ஆயிற்று. அப்போது ஆண்டுக்கு 400 பவுன் நிர்ணயிக்கப்பட்டது. இந்திய அரசியல் சாசனத்தின் 106-ஆவது கூறு நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை நாடாளுமன்றமே சட்டத்தால் முடிவு செய்யவும், 195-ஆவது கூறு சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை அந்தந்தச் சட்டமன்றமே முடிவு செய்யவும் வழி விட்டன. தமிழ்நாட்டில் 1951-ஆம் ஆண்டின் சம்பளம் வழங்கல் சட்டம் இதற்கு அடிப்படை. 2017 ஜூலை முதல் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினரின் மாத வருவாய் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. இதில் சம்பளம் 30,000 மட்டுமே. தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000 என்று மீதி முழுவதும் படிகள். சம்பளத்தை நிறுத்துவது பற்றிப் பேசுவோர் இந்தப் பிரிப்பைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பட்ஜெட் தாமதத்தோடு சம்பளத்தை நேரடியாக முடிச்சுப் போட்டது அமெரிக்கா. நியூயார்க் மாநிலம் 1998-இல் உறுப்பினர் சம்பளத்தை உயர்த்தியபோது, ஏப்ரல் 1-க்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் நிறைவேறும் வரை சம்பளம் நிறுத்திவைக்கப்படும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. மறு ஆண்டே மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அது செல்லும் என்றது. ஆனால் பட்ஜெட் உரிய நாளில் நிறைவேறியது 2005-இல்தான். நிறுத்திய பணம் எப்படியும் பின்னால் கைக்கு வந்துவிடும் என்பதால் விதிக்கு வலு இல்லை.

கலிஃபோர்னியா இந்த ஓட்டையை அடைத்தது. 2010 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற 25-ஆவது முன்மொழிவின்படி, ஜூன் 15-க்குப் பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளின் சம்பளமும் ஒரேயடியாகப் போய்விடும். கூடவே, பட்ஜெட்டுக்குத் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு சாதாரணப் பெரும்பான்மையாகக் குறைக்கப்பட்டது. தாமதம் குறைந்ததற்கு இந்த இரண்டாவது மாற்றமே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும். 2011-இல் சட்டமன்றம் கெடு நாளில் பட்ஜெட்டை நிறைவேற்றியது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மறுநாளே அதை நிராகரித்தார். நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரி ஜான் சியாங் வரவும் செலவும் சமன்படவில்லை என்று கணக்குக் காட்டி, 12 நாள் சம்பளத்தை நிறுத்தினார். சட்டமன்றத் தலைவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பட்ஜெட் சமன்பட்டதா என்று தீர்ப்பளிக்க அந்த அதிகாரிக்கு உரிமை இல்லை என்று 2012-இல் கீழமை நீதிமன்றமும் 2014-இல் மேல்முறையீட்டு மன்றமும் கூறின. பட்ஜெட் நிறைவேறியது என்று யார் சொல்வது? சட்டமன்றமே என்றால், சம்பளத்தை இழப்பதா வேண்டாமா என்பதும் அதன் கையில்தான் இருக்கிறது.

வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் 2013 பிப்ரவரியில் இதே கருத்து சட்டமானது. உறுப்பினர் சம்பளத்தை இடையில் மாற்ற அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 27-ஆவது திருத்தம் தடை என்பதால், சம்பளத்தைப் பிடிக்காமல் தனிக் கணக்கில் ஒதுக்கி வைப்பதோடு நின்றார்கள். இரு அவைகளும் தத்தம் பட்ஜெட் தீர்மானத்தைக் கெடுவுக்குள் நிறைவேற்றின, இரண்டையும் இணைக்கவில்லை. அக்டோபரில் அரசு 16 நாள் முடங்கியது. உறுப்பினர் சம்பளம் தடையின்றி வந்தது.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் தோன்றாததற்குக் காரணம் அரசியல் சாசனத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பட்ஜெட் தோற்றால் அரசே கவிழும். அந்தத் தண்டனை சம்பளப் பிடித்தத்தைவிடக் கடுமையானது. காலம் போதாவிட்டால் முன்பண மானியம் பெற்றுச் சில மாதங்களை ஓட்டலாம். மாநிலங்களுக்கு இந்த வழியைத் திறப்பது 206-ஆவது கூறு. தமிழ்நாட்டில் தேர்தல் ஆண்டுகளில் இதுவே வழக்கம். 2021 பிப்ரவரி 23-இல் ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால நிதிநிலை அறிக்கையை அளித்தார். ஆட்சி மாறியபின் ஆகஸ்ட் 13-இல் பழனிவேல் தியாகராஜன் திருத்திய அறிக்கையை அளித்தார்.

புதுச்சேரியில் இந்த ஏற்பாடு அறுந்துபோகும் நிலைக்கு வந்தது. 2020-இல் மூன்று மாத முன்பண மானியம் ஜூன் 30-உடன் முடிந்தது. முதல்வர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் இடையே ஒப்புதல் நடைமுறை பற்றித் தகராறு இருந்தது. முழு பட்ஜெட் ஜூலை 20-இல்தான் தாக்கலானது. அரசு ஊழியர்களின் ஜூலைச் சம்பளம் கேள்விக்குறியானது. இதற்கிடையே ஓர் உறுப்பினருக்குக் கொரோனா உறுதியானது. ஜூலை 25 அன்று பேரவை வளாகத்து வேப்பமரத்தடியில் நாற்காலிகள் போட்டு அவை கூடி, பட்ஜெட்டை நிறைவேற்றியது. தாமதத்தால் கவலைப்பட நேர்ந்தவர்கள் தாமதத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத எழுத்தர்களும் ஆசிரியர்களும்.

'வேலை இல்லையேல் ஊதியம் இல்லை' என்ற விதி உறுப்பினர்களுக்கும் பொருந்தாதா என்ற கேள்வி தமிழ்நாட்டில் 2017 செப்டம்பரில் எழுந்தது. ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்த நாட்கள் அவை. ரிசார்ட்டுகளில் தங்கியிருக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அதை ஏன் பொருத்தக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் கேட்டார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றமே அதற்கு ஓர் அரைகுறைப் பதிலைத் தந்தது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அ.தி.மு.க. உறுப்பினர்களும், ஆந்திராவுக்குச் சிறப்பு நிலை கேட்டு அங்குள்ள கட்சிகளும் குரல் எழுப்ப, 2018 பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டாம் பாதி அநேகமாக வீணானது. மார்ச் 14-இல் எல்லா மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் விவாதமின்றிக் கில்லட்டின் முறையில் நிறைவேறின. நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளத்தை 50,000 ரூபாயிலிருந்து 1,00,000 ரூபாயாக்கிய பிரிவு அந்த நிதி மசோதாவுக்குள்தான் இருந்தது. ஏப்ரலில் அமைச்சர் அனந்த்குமார், தேசிய ஜனநாயகக் கூட்டணி உறுப்பினர்கள் 23 நாள் சம்பளத்தையும் படியையும் விட்டுக்கொடுப்பார்கள் என்று அறிவித்தார். நாள்தோறும் அவைக்குச் சென்றவன் ஏன் இழக்க வேண்டும் என்று சுப்பிரமணியன் சுவாமி மறுத்தார். அவர் கேள்வி சரியானதே: அவை முடங்குவது கூட்டுச் செயல், சம்பளம் தனிமனிதருக்குரியது.

உறுப்பினர் சம்பளத்தைக் குறைக்க இந்தியச் சாசனத்தில் தடையில்லை என்பதை 2020 காட்டியது. கொரோனாவைக் காரணம் காட்டி ஓராண்டுக்கு 30 சதவீதம் குறைக்கப்பட்டது. பட்ஜெட் தாமதத்தோடு அதற்குத் தொடர்பில்லை. 2024-இல் இமாசலப் பிரதேசம் இரண்டையும் இணைப்பதற்குச் சற்று அருகில் வந்தது. பிப்ரவரி இறுதியில் கொறடா உத்தரவை மீறி பட்ஜெட் வாக்கெடுப்பைத் தவிர்த்த ஆறு காங்கிரஸ் உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார். ஆகஸ்டில் நிதி நெருக்கடியைச் சொல்லி முதல்வர் சுக்விந்தர் சிங் சுக்கு தம்முடையதும் அமைச்சர்களுடையதுமான சம்பளத்தை இரண்டு மாதம் தள்ளிவைத்தார். செப்டம்பரில், கட்சித்தாவல் சட்டப்படி பதவி இழப்போருக்கு ஓய்வூதியம் கிடையாது என்ற சட்டமுன்வடிவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. தண்டனை கட்சிக் கட்டளையை மீறியதற்காக. பட்ஜெட் உரிய நாளில் நிறைவேறியதா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.