வீட்டுக்குள் ஓடிய எஞ்சின்

பெரம்பலூரிலிருந்து பச்சைமலைப் பக்கம் போனால் அரும்பாவூர். ஒரே மரத்துண்டு. உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்தால், அதற்குள்ளிருந்து பிள்ளையாரோ நடராஜரோ மெல்ல எழுந்து வந்துவிடுவார். இந்த ஊர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சரி, ஒரு குறும்புக் கேள்வி. மரத்தில் இவ்வளவு நுணுக்கம் பழகிய கையில் இரும்பையும் பித்தளையையும் கொடுத்தால் என்ன ஆகும்?

சரித்திரத்தில் பதில் இருக்கிறது. பம்பாயில், 1833-ம் வருடம்.

அர்தேஷிர் கர்செட்ஜி வாடியா. பார்சிக்காரர். குடும்பத் தொழில், கப்பல் தச்சு. இவருடைய முன்னோர் லவ்ஜி நுசர்வான்ஜி 1736-ல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர். அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தேக்கில் கப்பல் கட்டினார்கள். கடலையே ஆண்ட இங்கிலாந்து, தன் போர்க்கப்பல்களுக்கு இந்தத் தச்சர்களிடம் ஆர்டர் கொடுத்தது! அவர்கள் 1817-ல் கட்டிய 'டிரிங்கோமலி' (நம்ம திருகோணமலையின் பெயர்தான்) இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

1808-ல் பிறந்த அர்தேஷிருக்கோ மரத்தைவிட நீராவி மேல்தான் மோகம். மஸகானில் இருந்த தன் வீட்டிலேயே சின்னதாக ஒரு வார்ப்புப் பட்டறை போட்டார். இருபத்தைந்து வயதில், ஒரே ஒரு குதிரை சக்தி கொண்ட குட்டி நீராவி எஞ்சினைத் தானே செய்தார். அது கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்ற, தோட்டத்தில் நீரூற்று பீறிட்டது. அடுத்த வருடமே வீட்டிலும் தோட்டத்திலும் கேஸ் விளக்கு எரிய, வேடிக்கை பார்க்க கவர்னரே வந்துவிட்டார்!

'குட்டி எஞ்சின்தானே' என்று நினைக்காதீர்கள். எஞ்சின் சின்னதாக ஆக ஆக, வேலை கஷ்டமாகும். சிலிண்டருக்குள் பிஸ்டன் சிக்காமல் ஓட வேண்டும். அதே சமயம் நீராவி ஓரமாகக் கசியவும் கூடாது. பெரிய எஞ்சினில் தலைமுடி அளவு இடைவெளி பெரிய விஷயமில்லை. குட்டி எஞ்சினில் அதே இடைவெளி மொத்த பலத்தையும் விழுங்கிவிடும். அதற்குத்தான் லேத் வேண்டும், அளவு பார்க்கும் கருவிகள் வேண்டும், வார்ப்புக்கு உலை வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பணம் வேண்டும்.

இப்போது இன்னொருவரைச் சந்திப்போம். கல்கத்தா பக்கம், டிட்டாகரைச் சேர்ந்த கோலக் சந்திரர். கொல்லர். ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையில், செராம்பூர் பாதிரிமார்களின் காகித ஆலைக்கு 1820-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு நீராவி எஞ்சின் வந்து இறங்கியது. அதைப் பார்த்தவர் இவர். 1828 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த விவசாய, தோட்டக்கலைச் சங்கக் கண்காட்சியில், தானே செய்த ஒரு மாதிரி எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தார். எந்த வெள்ளைக்காரரின் உதவியும் இல்லாமல் செய்தது என்று சங்கமே குறித்து வைத்தது. வருடத்தைக் கவனியுங்கள். அர்தேஷிரின் எஞ்சினுக்கு ஐந்து வருடம் முன்பு!

காமர்ஸ் படித்தவன் என்பதால் என் கண் முதலில் தொகைக்குத்தான் போகும். கோலக் சந்திரருக்குக் கிடைத்த பரிசு, ஐம்பது ரூபாய். அவர் கணக்கு அதோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவர் பெயரைச் சரித்திரம் பெரிதாகப் பேசவில்லை.

அர்தேஷிர் கணக்கு? 1839-ல் இங்கிலாந்து போனார். 1841-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். 'முதல் இந்திய எஃப்.ஆர்.எஸ். நம்ம ராமானுஜன்' என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராமானுஜனுக்கு அது கிடைத்தது 1918-ல். முதல் ஆள், வீட்டில் எஞ்சின் செய்த இந்த பம்பாய்க்காரர்தான். அதே 1841-ல் பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் தலைமை எஞ்சினியர். சம்பளம் மாதம் அறுநூறு ரூபாய். வெள்ளைக்காரர்கள் இவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும். விடுவார்களா? ஐரோப்பியர்கள் மேல் ஒரு சுதேசியை எப்படி உட்கார வைக்கலாம் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை எகிறியது. மனிதர் அசரவில்லை, 1857 வரை அதே நாற்காலியில் இருந்தார்.

திறமையில் கொல்லர் குறைந்தவரா? நிச்சயம் இல்லை. ஆனால் ஒருவருக்குப் பின்னால் நூறு வருடக் கப்பல் துறையும் வீட்டிலேயே பட்டறையும் இருந்தன. இன்னொருவருக்குக் கொல்லுலை மட்டும். பாராட்டினார்களே தவிர, அவர் கையில் ஒரு லேத்தைக் கொடுத்து 'அடுத்ததைச் செய்' என்று யாரும் சொல்லவில்லை. ஐம்பது ரூபாயோடு சரி.

பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாத நம் கோவை ஜி.டி.நாயுடுவும், ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்து மறுபடி மாட்டித்தான் எஞ்சினைப் படித்தார். பிரித்துப் பார்க்கச் சொந்தமாக ஒரு பொருள் கையில் இருந்தது. அவர் கதை தொடங்கியது அங்கேதான்.

இரும்பு வார்ப்புக்கு முதலில் தேவைப்படுவது என்ன தெரியுமா? மரத்தில் செதுக்கிய அச்சு! அதை மணலில் பதித்துத்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். ஆக, உளிக்கும் எஞ்சினுக்கும் தூரம் ரொம்ப இல்லை. அரும்பாவூரில் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உளி பிடிக்கும் பையனுக்குக் கை ஏற்கெனவே பழகிவிட்டது. புவிசார் குறியீடு நல்ல விஷயம். கூடவே அவன் தெருவில் ஒரு லேத்தும் இருந்தால், அந்தக் கை எங்கே போய் நிற்கும் என்று யார் கண்டது?