வீட்டையும் கொடுத்த முதல்வர்

விருதுநகர் மாவட்டத்துத் தாயில்பட்டியில் எந்தப் பள்ளிப் பிள்ளையிடம் தங்கள் மாவட்டம் தந்த முதலமைச்சர் யாரென்று கேட்டாலும் காமராசர் பெயர் சட்டென்று வரும். அதே மாவட்டம் அவருக்கு முன்பே இன்னொரு முதலமைச்சரைத் தந்திருக்கிறது. இராஜபாளையம் பூ. ச. குமாரசுவாமி ராஜா என்ற அந்தப் பெயர் இன்று உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது.

1898இல் பிறந்த அவர், பெற்றோரைப் பிஞ்சு வயதிலேயே இழந்து பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். காந்தி வழியில் காங்கிரசுக்கு வந்தார். 1949 ஏப்ரலில் சென்னை மாகாணப் பிரதமர் ஓமந்தூரார் விலகியபோது அப்பதவிக்கு வந்தார். 1950 ஜனவரி 26இல் நாடு குடியரசானது. மாகாணப் பிரதமர் பதவி முதலமைச்சர் பதவியானது. அந்த வகையில் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சர் அவர்தான்.

1952 தேர்தலில் அவர் தோற்றார். ஆட்சியும் ராஜாஜியிடம் போனது. பின்னர் ஒரிசாவின் ஆளுநராக இருந்து, 1957இல் காலமானார். இராஜபாளையத்தில் தமக்கிருந்த வீட்டை காந்தி கலை மன்றம் என்ற அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மாநிலத்தையே ஆண்டவர் ஊருக்கு விட்டுச்சென்ற சொத்து அதுதான்.

    

காமராசர் வாழ்விலும் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 1941இல் அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்தவர் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனார், தலைமை தாங்கினார், அன்றே விலகினார். முழு நேரமும் உழைக்க முடியாத பதவியில் உட்காருவது முறையல்ல என்பது அவர் எண்ணம். பிறகு 1957, 1962 தேர்தல்களில் தாயில்பட்டிக்கு அடுத்துள்ள சாத்தூர்தான் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

விருதுநகரில் காமராசர் பிறந்த இல்லத்தைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்கள், அடுத்த முறை வண்டியை இராஜபாளையத்துக்கும் விட வேண்டும். காந்தி கலை மன்றத்தைக் காட்டி, அதைக் கொடுத்தவர் யாரென்று சொல்ல வேண்டும்.