உருளையில் பிறக்கும் நீள்வட்டம்: ஓர் ஐயத்தின் வரலாறு

நேர்வட்ட உருளை ஒன்றை அச்சுக்குச் செங்குத்தாக வெட்டினால் வட்டம் கிடைக்கும். அச்சுக்கு இணையாக வெட்டினால் செவ்வகம். இவ்விரண்டிலும் யாருக்கும் ஐயம் எழவில்லை. தளத்தைச் சாய்த்து வெட்டும்போது கிடைக்கும் நீண்ட வளைகோடுதான் கேள்விக்குள்ளானது. அது கூம்பை வெட்டிப் பெறும் நீள்வட்டமேதானா, அல்லது அதைப் போலத் தோன்றும் வேறொரு வடிவமா?

யூக்ளிட் கி.மு. 300 அளவில் எழுதிய ‘ஃபைனோமினா’ என்னும் வானியல் நூலிலேயே இரண்டும் ஒன்று என்ற குறிப்பு உண்டு. அவ்வடிவம் கேடயத்தை ஒத்தது என்கிறார். ஆர்க்கிமிடீஸ் ஒருபடி மேலே சென்று, தரப்பட்ட நீள்வட்டத்தைத் தன் வெட்டுமுகமாகக் கொண்ட உருளையைக் காணும் வழியைச் சொன்னார். இருந்தும் கேள்வி அடங்கவில்லை. கி.மு. 200 அளவில் அப்பொலோனியஸ் தம் பெருநூலில் நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் மூன்றையும் கூம்பிலிருந்தே வரையறுத்தார். அந்நூலின் செல்வாக்கே உருளையைப் பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வளைகோட்டை அதன் பண்பால் அறியாமல் பிறப்பிடத்தால் அறியும் பழக்கம் அதனால் வேரூன்றியது.

ஏறத்தாழ கி.பி. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அந்தினோப்பொலிஸ் நகரைச் சேர்ந்த செரீனஸ், ‘உருளையின் வெட்டுமுகம்’ என்று தனி நூலே எழுதினார். தம் காலத்து வடிவியலாளர் பலர் உருளையின் சாய்வெட்டு வேறு, கூம்பின் நீள்வட்டம் வேறு என்று எண்ணியதே அதற்குக் காரணம் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். நிறுவலின் சாரத்தை நேர்வட்ட உருளையில் தெளிவாகக் காணலாம். வட்டத்தின் விட்டத்தில் ஏதேனும் ஒரு புள்ளியில் செங்குத்துக்கோடு எழுப்பினால், வட்டம் வரையுள்ள அதன் நீளத்தின் வர்க்கம், அப்புள்ளி பிரிக்கும் இரு விட்டத்துண்டுகளின் பெருக்கற்பலனுக்குச் சமம். தளத்தைச் சாய்த்தால் அந்தக் குறுக்கு நீளங்கள் மாறுவதில்லை. விட்டம் மட்டும் ஒரே விகிதத்தில் நீள்கிறது. 10 செ.மீ. விட்டமுள்ள உருளையை அச்சுக்கு 45 பாகையில் வெட்டினால் குற்றச்சு 10 செ.மீ. ஆகவே இருக்கும், நெட்டச்சு ஏறத்தாழ 14.14 செ.மீ. ஆகும். ஆகவே வர்க்கத்துக்கும் பெருக்கற்பலனுக்கும் இடையே மாறாத ஒரு விகிதம் நிற்கிறது. அப்பொலோனியஸ் நீள்வட்டத்துக்குச் சொன்ன பண்பும் அதுவே. செரீனஸ் சாய்ந்த உருளையையும் விட்டுவைக்கவில்லை. அதில் அடித்தளத்துக்கு இணையல்லாத ஒரு வெட்டும் வட்டமாக அமைவதைக் கவனித்துப் பிரித்தார்.

பாக்தாதில் தாபித் இப்னு குர்ரா (இறப்பு 901) இந்த நீட்டலையே கணக்கிடும் கருவியாக்கினார். உருளையின் வெட்டுமுகங்கள் பற்றிய தம் நூலில், நீள்வட்டத்தின் பரப்பு, அதன் அரை நெட்டச்சையும் அரைக் குற்றச்சையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த நீளத்தை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் பரப்புக்குச் சமம் என்று நிறுவினார்.

அதே பழைய கேள்வி அந்தலூசியாவில் வேறு உருவில் எழுந்தது. இரு குவியங்களிலிருந்து அளந்த தொலைவுகளின் கூடுதல் மாறாதிருக்கும் வளைகோட்டை வரைய இரு முளையும் ஒரு கயிறும் போதும். அதுவும் உருளையின் சாய்வெட்டும் ஒன்றா? ஆம் என்று நிறுவியவர் இப்னு அஸ்ஸம்ஹ் (இறப்பு 1035). அவர் எழுதியதில் எஞ்சிய பகுதி எபிரேய மொழிபெயர்ப்பின் வழியாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

செரீனஸின் நூலை 1710இல் எட்மண்ட் ஹாலி ஆக்ஸ்ஃபோர்டில் அப்பொலோனியஸுடன் சேர்த்துப் பதிப்பித்தார். ஆனால் குவியங்கள் வெட்டுமுகத்தில் எங்கே அமைகின்றன என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியவர் பெல்ஜியத்தின் தாந்தலின். கூம்புக்குள் வெட்டும் தளத்தைத் தொடும் இரு கோளங்களை வைப்பது 1822இல் அவர் கண்ட உத்தி. உருளையில் அது இன்னும் எளிது. உருளையின் ஆரமே கொண்ட இரு கோளங்களைத் தளத்தின் இருபுறமும் வைத்தால் போதும். கோளங்கள் தளத்தைத் தொடும் புள்ளிகளே குவியங்கள். வளைகோட்டின் எந்தப் புள்ளியிலிருந்தும் ஒரு கோளத்துக்கு வரையும் தொடுகோடுகள் சம நீளம் கொண்டவை. எனவே குவியத்துக்கு உள்ள தொலைவை உருளையின் பக்கக்கோட்டின் மேலேயே அளந்துவிடலாம். இரு தொலைவுகளின் கூடுதல், கோளங்கள் உருளையைத் தொடும் இரு வட்டங்களுக்கு இடைப்பட்ட உயரம் ஆகிறது. புள்ளி எங்கே இருந்தாலும் அந்த உயரம் மாறுவதில்லை. அது நெட்டச்சின் நீளத்துக்குச் சமம்.