தென் கரோலினாவின் நீதிபதி ஜோனதன் ஜாஸ்பர் ரைட்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், தோற்ற தென் மாநிலங்களை விடுதலை பெற்ற கறுப்பினத்தாருக்கும் வாக்குரிமை அளித்துத் திருத்தியமைக்க முயன்ற ஆண்டுகளை வரலாற்றாசிரியர்கள் மறுகட்டமைப்புக் காலம் என்பர். அக்காலத்தில், பென்சில்வேனியாவில் 1840இல் பிறந்து வழக்கறிஞரான ஜோனதன் ஜாஸ்பர் ரைட், விடுதலை பெற்றோருக்காகக் கூட்டரசு அமைத்த பணியகத்தின் சட்ட ஆலோசகராகத் தென் கரோலினாவின் பியூஃபோர்ட்டுக்கு வந்து, 1868இல் மாநில அரசமைப்பை வகுத்த அவையிலும் அதன்பின் மாநில மேலவையிலும் உறுப்பினரானார். நீதிபதிகளைச் சட்டமன்றமே தேர்ந்தெடுப்பது அம்மாநில வழக்கம். அவ்வாறே 1870இல் மூவர் கொண்ட மாநில உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த ரைட், அமெரிக்க மாநிலம் ஒன்றின் உச்ச நீதிமன்றத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பின நீதிபதி ஆவார்.

உயர்த்திய சட்டமன்றமே பின்னர் அவரை வீழ்த்தியது. 1876 தேர்தலுக்குப்பின் ஹாம்ப்டன், சேம்பர்லின் என இருவர் ஆளுநர் பதவிக்கு உரிமை கோரியபோது, ஹாம்ப்டனிடம் மன்னிப்புப் பெற்ற கைதி ஒருவரின் ஆட்கொணர்வு மனு, அதாவது சிறைவைப்பு சட்டப்படியானதா என ஆராயக் கோரும் மனு, உண்மையில் ஆளுநர் யார் என்பதையே தீர்மானிக்கும் வழக்காகியது. ஹாம்ப்டனுக்குச் சாதகமான ஆணையில் ஒப்பமிட்ட ரைட், ஓரிரு நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார். அச்சமோ மனமாற்றமோ, இருதரப்பு நெருக்கடியையும் கணக்கிடாமல் அதைத் தடுமாற்றம் என ஒதுக்குவது நியாயமன்று. சேம்பர்லின் தரப்புக்குக் காவலாக நின்ற கூட்டரசுப் படைகள் 1877இல் விலக்கப்பட, ஆட்சியைக் கைப்பற்றிய ஹாம்ப்டன் தரப்பினர் ரைட்மீது முறைகேடு, குடிப்பழக்கம் என்று குற்றஞ்சாட்டிப் பதவிநீக்க நடவடிக்கை தொடங்கினர். அவ்வாண்டே ரைட் பதவி விலகினார். சார்ல்ஸ்டனில் வழக்கறிஞராகவும் கறுப்பின மாணவர்களுக்குச் சட்ட ஆசிரியராகவும் இருந்த அவர், 1885இல் காசநோயால் இறந்தார்.