மாஹிம் சாலையும் மிதிவண்டிப் பந்தயமும்

ஞாயிற்றுக்கிழமை வைகறையில் மாஹிம் பாலத்துச் சாலையின் ஓரமாக நிற்போமானால் ஓர் இனிய காட்சியைக் காணலாம். பகலெல்லாம் மோட்டார் வாகனங்களின் இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும் அச்சாலையில், விடிவதற்கு முன்னர், தலைக்கவசம் அணிந்த இளைஞர்கள் சிலர் மிதிவண்டிகளின்மீது குனிந்தவாறு ஒருவர் பின் ஒருவராக விரைந்து செல்வர். கதிரவன் மேலெழுந்து பஸ்களும் லாரிகளும் வந்து சேர்ந்ததும் அவர்கள் மறைந்துவிடுவர். ஊர் உறங்கும் அந்தச் சிறு பொழுதுதான் இம்மாநகரம் அவர்களுக்கு அளித்துள்ள பயிற்சிக் களம்.

இந்நிலை ஏன் என்று நாம் ஆராய வேண்டும். மிதிவண்டிப் பந்தயம் பம்பாய்க்குப் புதியதன்று. நம் நாட்டில் அக்கலையை வளர்த்தவர்களுள் முன்வரிசையில் நின்றவர்கள் இந்நகரத்தாரே. வீரர்கள் இருந்தார்கள், ஆர்வமும் இருந்தது. இல்லாதது எது என்பதை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் இந்தச் சாலையின் கதையையே எடுத்துக்கொள்வோம். மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே ஒரு காலத்தில் கடற்கழிதான் இருந்தது. மக்கள் படகேறிக் கடந்தனர். மழைக்காலத்தில் படகுகள் கவிழ்ந்து உயிர்ச்சேதமும் நேர்ந்ததுண்டு. பாதை அமைக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது, அதற்குப் பணம் செலவிடக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி முன்வரவில்லை. சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவியார் அவாபாய் அம்மையார் ஏறத்தாழ 1,57,000 ரூபாயைத் தமது கொடையாக அளித்தார். கடந்து செல்வோரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1845ஆம் ஆண்டில் பாதை திறக்கப்பட்டது. மாஹிம் வழியாகச் செல்லும் பெருஞ்சாலை இன்றும் லேடி ஜம்ஷெட்ஜி சாலை என்றே வழங்குகிறது. நடப்பவனும் வண்டியோட்டியும் செல்வனும் வறியவனும் ஒருங்கே செல்லத்தக்க பொதுப்பாதை ஒன்று இவ்வாறு பிறந்தது.

இனி மிதிவண்டிக்கு வருவோம். 1923ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், பம்பாயிலிருந்த ஒரு பளுதூக்கும் கழகத்தைச் சேர்ந்த பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டிகளில் உலகைச் சுற்றி வரப் புறப்பட்டனர். பாரசீகம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா எனப் பல நாடுகளின் ஊடே சென்ற அப்பயணத்தை ஆதி ஹகீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் மட்டுமே நிறைவு செய்தனர். ஏறத்தாழ 44,000 மைல் தொலைவைக் கடந்து, 1928ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர்கள் பம்பாய் திரும்பினர். நல்ல சாலைகளே அரிதாயிருந்த காலத்தில், பல்லிணை மாற்றும் வசதியற்ற கனத்த வண்டிகளில் இதனைச் செய்தனர் என்பதை நினைக்கும்போது நமக்கு வியப்பே மேலிடுகிறது. பம்பாய் இளைஞரிடத்தில் நெஞ்சுரத்துக்கும் கால் வலிமைக்கும் குறைவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பந்தயத்துறைக்கு ஓர் அமைப்பு வேண்டுமென்ற எண்ணமும் விரைவிலேயே உருப்பெற்றது. 1938ஆம் ஆண்டில் சிட்னி நகரில் நடைபெற்ற பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் மிதிவண்டி ஓட்டியவர் ஜானகி தாஸ் என்பவர். பின்னாளில் இவர் இந்தித் திரைப்படங்களில் நடிகராகவும் புகழ் பெற்றார். அதே ஆண்டில் அவரும் பம்பாயைச் சேர்ந்த சோராப் பூட் என்பவரும் முயன்று தேசிய மிதிவண்டிச் சம்மேளனத்தைத் தோற்றுவித்தனர். 1946ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிக் நகரில் நடந்த உலகப் போட்டிக்கு இந்திய அணி அனுப்பப்பட்டது. 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் போட்டிகளில் நம் நாட்டு மிதிவண்டி அணி முதன்முறையாகக் கலந்துகொண்டது. ரோஹின்டன் நோபிள், ஜெஹாங்கு அமீன், ஏராச் மிஸ்திரி, ஹோமி பவ்ரி, பிலூ சர்காரி, ருஸி முல்லா பிரோஸ் என்று அவ்வணியில் இடம்பெற்ற பெயர்களைப் படித்தாலே பார்சி சமூகத்தார் இத்துறையில் பெற்றிருந்த முதன்மை புலனாகும்.

லண்டனில் அவர்கள் ஓட்டிய களம் ஹெர்ன் ஹில் என்னுமிடத்தில் உள்ள பந்தயத் தளமாகும். அது 1891ஆம் ஆண்டிலேயே கட்டப்பட்டது. அதாவது, நம் வீரர்கள் அங்கே சென்றபோது அதற்கு வயது ஐம்பத்தேழு. அங்கே எதிர்நின்ற ஐரோப்பிய வீரர்கள் சிறுவயது முதலே அத்தகைய தளங்களில் பழகியவர்கள். நம்மவர்களோ சாலையில் பழகியவர்கள். இந்த வேற்றுமை சிறிதன்று.

ஏன் சிறிதன்று என்பதை விளக்குவது அவசியம். வெலோட்ரோம் எனப்படும் மிதிவண்டிப் பந்தயத் தளம் வெறும் வட்டச்சாலையன்று. முட்டை வடிவில் அமைந்த அதன் இரு வளைவுகளும் உட்புறம் தாழ்ந்தும் வெளிப்புறம் உயர்ந்தும் சாய்வாக எழுப்பப்பட்டிருக்கும். இன்றைய ஒலிம்பிக் தளம் 250 மீட்டர் சுற்றளவு உடையது. அதன் வளைவுகளில் சாய்வு 40 பாகைக்கும் அதிகம். வேகமாக வளையும் வண்டி வெளிப்புறமாகச் சறுக்க முயலும். அந்த வேகத்தைத் தளத்தின் சாய்வு தாங்கிக்கொள்ளும். அதனாலேதான் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலும் ஓட்டுபவன் தளராமல் வளைய இயலுகிறது. அங்கே ஓடும் வண்டிக்குப் பிரேக் கிடையாது; பல்லிணையும் ஒன்றே. சக்கரம் சுழலும் வரையில் மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை நிறுத்தி இளைப்பாற இடமில்லை.

அணித் துரத்தல் என்ற போட்டியை எடுத்துக்கொள்வோம். நால்வர் ஒருவர் பின் ஒருவராக 4,000 மீட்டர் ஓட்ட வேண்டும். முன்னவனின் பின்சக்கரத்துக்கும் பின்னவனின் முன்சக்கரத்துக்கும் இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கும். முன்னால் செல்பவன் காற்றின் எதிர்ப்பைத் தான் ஏற்று, பின்வருவோருக்கு வழி செய்கிறான். அவன் களைப்புறும்போது வளைவின் சாய்வில் மேலேறி, மற்ற மூவரும் கடந்ததும் கீழிறங்கி, வரிசையின் இறுதியில் சேர்ந்துகொள்கிறான். சாய்தளம் இல்லாத இடத்தில் இந்த மாற்றத்தை எவ்வாறு பயில்வது? பிரேக் இல்லாத வண்டியை மாஹிம் சாலையில் ஓட்டத்தான் முடியுமா? "சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது நம் முன்னோர் மொழி. பம்பாயில் சித்திரக்காரர் இருந்தனர், சுவர்தான் இல்லை.

ஆயினும் ஒரு முறை சித்திரம் எழுதப்பட்டது. 1951ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது, அணித் துரத்தலில் இந்தியா பதக்கம் வென்றது. அது ஒரு தொடக்கமாக அமையும் என்றே அன்று எண்ணியிருப்பார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டில் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டிகள் வரையில் மிதிவண்டித் துறையில் நமக்கு மற்றொரு பதக்கம் கிட்டவில்லை. ஒலிம்பிக்கிலோ, 1964ஆம் ஆண்டு டோக்கியோவுக்குப் பிறகு இந்திய மிதிவண்டி வீரர் எவரும் கலந்துகொள்ளவே இல்லை. நாட்டில் மிதிவண்டிகள் குறைந்தனவா என்றால், இல்லை. அம்பத்தூரிலும் லூதியானாவிலும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்து, உலகில் மிகுதியாக மிதிவண்டி செய்யும் நாடுகளுள் ஒன்றாக இந்தியா ஆயிற்று. பால்காரரும் தபால்காரரும், டப்பாவாலாக்களும், தாராவியின் தொழிற்கூடங்களுக்குச் செல்லும் நம் திருநெல்வேலிச் சீமைத் தொழிலாளரும் மிதிவண்டியிலேயே வாழ்ந்தனர். வண்டி பெருகியது, களம் பெருகவில்லை.

களம் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு மாஹிமிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1925ஆம் ஆண்டில் நகராட்சி இங்கே ஒரு பெரிய மைதானத்தைப் பொதுமக்களுக்கென அமைத்தது. மாஹிம் பார்க் என்று முதலில் அழைக்கப்பட்ட அது, 1927ஆம் ஆண்டில் சிவாஜி பார்க் என்ற பெயர் பெற்றது. அம்மைதானத்தில் ரமாகாந்த் ஆச்ரேகர் என்ற ஆசான் பயிற்றுவித்த சிறுவர்களுள் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். ஒரே வெளியில் பல ஆட்டங்கள் ஒருங்கே நடைபெறும், பந்து யாருடையது என்று நாம் திகைப்போம், ஆடுவோருக்கோ ஐயமில்லை. ஒரு நகரம் ஒரு வெட்டவெளியைக் காத்துத் தந்ததால் கிரிக்கெட் ஆட்டத்துக்குத் தலைமுறை தலைமுறையாக வீரர்கள் கிடைத்தார்கள். மிதிவண்டிக்கு அத்தகைய கொடை வாய்க்கவில்லை.

பிற இடங்களில் பந்தயத் தளங்கள் தோன்றாமல் இல்லை. லூதியானா, பாட்டியாலா, திருவனந்தபுரம், புனே நகரை அடுத்த பாலேவாடி, சென்னையை அடுத்த மேலக்கோட்டையூர் ஆகிய இடங்களில் தளங்கள் எழுந்தன. தில்லியில் 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளுக்கென ஒரு திறந்தவெளித் தளம் கட்டப்பட்டது. 2010ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளுக்கென இந்திரா காந்தி அரங்க வளாகத்தில் மரத்தாலான 250 மீட்டர் உள்ளரங்கத் தளம் அமைந்தது. போட்டிகள் முடிந்தபின் இத்தகைய அரங்குகள் பூட்டிக் கிடப்பது நாம் அறிந்த வழக்கம். இத்தளமோ பின்னர்ப் பயிற்சிக் கூடமாயிற்று. அந்தமான் தீவுகளிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் இளைஞர்கள் வந்து அங்கே தங்கிப் பயின்றனர். 2019ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் ஆன் டெர் ஓடர் நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில், ஈசோ ஆல்பென், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் முதலியோர் அடங்கிய இந்திய அணி, அணி விரைவோட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றது.

நேயர்கள் இக்கணக்கைச் சற்றே மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். 1951ஆம் ஆண்டு முதல் 2010ஆம் ஆண்டு வரையில் ஐம்பத்தொன்பது ஆண்டுகள் நாம் வீரர்களின் குறைபாட்டைப் பற்றியே பேசினோம். முறையான தளம் ஒன்று வந்து, அதைத் திறந்தும் வைத்தபோது, ஒன்பதே ஆண்டுகளில் உலகத் தங்கம் கிடைத்தது. குறை காலில் இல்லை, தரையில் இருந்தது.

பந்தயத் தளம் ஒருபுறமிருக்க, சாலைப் பந்தயத்தின் நிலை என்ன? பம்பாய் புனே மிதிவண்டிப் பந்தயம் பழம்புகழ் வாய்ந்தது. கடற்கரையிலிருந்து புறப்பட்டு, போர்க் கணவாயின் செங்குத்தான வளைவுகளில் ஏறி, ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் கண்டாளா, லோணாவளா ஊர்களைத் தொட்டு, மேட்டுநிலத்தில் ஓடி முடிவது அது. கணவாயின் உச்சியை முதலில் எட்டுபவனுக்குக் 'கணவாய் மன்னன்' என்று பொருள்படும் மராத்திப் பட்டத்தைச் சூட்டுவார்கள். பந்தயத்தில் தோற்றாலும் அப்பட்டத்தை வென்றவன் புகழ் குன்றுவதில்லை. எனினும் போக்குவரத்து நெருக்கடி பெருகப் பெருக, அத்தகைய பந்தயத்துக்குச் சாலையை ஒதுக்கித் தருவது கடினமாயிற்று.

புதிதாக எழுந்த பெருவழிகளோ மிதிவண்டியை அறவே விலக்கிவிட்டன. 2002ஆம் ஆண்டில் முழுமை பெற்ற மும்பை புனே விரைவுச்சாலையில் அதற்கு அனுமதியில்லை. 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாந்திரா வர்லி கடற்பாலம் மாஹிம் விரிகுடாவின்மேல் நம் கண்முன்னே நீண்டு கிடக்கிறது, அதிலும் அனுமதியில்லை. மாஹிம் கழிக்கு அப்பாலுள்ள பாந்திரா குர்லா வளாகத்தில், ஏறத்தாழ 2011ஆம் ஆண்டளவில், மிதிவண்டிக்கென்றே தனித்தடங்கள் அமைக்கப்பட்டன. சில காலத்துக்குள் அவை மோட்டார் வாகனங்கள் நிற்கும் இடமாகிவிட்டன. பின்னர், 2025ஆம் ஆண்டில், அத்தடங்களை அகற்றிச் சாலையை அகலமாக்கத் திட்டமிடப்பட்டது. பயன்படுத்துவோர் இல்லை என்பதே காரணமாகக் கூறப்படுவது. தடத்தை வாகனங்கள் அடைத்துக்கொண்டிருக்கையில் பயன்படுத்துவோர் எங்கிருந்து வருவர் என்று நாம் கேட்பது தவறாகாது.

குடியிருக்க இடமில்லாத நகரத்தில் பந்தயத் தளம் ஓர் ஆடம்பரமன்றோ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. மாஹிமிலும் தாராவியிலும் ஒரு சதுர அடி நிலத்தின் அருமையை நாம் நன்கு அறிவோம். ஆனால் தளம் என்றதும் தில்லியின் மர அரங்கையே எண்ண வேண்டியதில்லை. திறந்தவெளியில் சிமெண்டுக் கலவையால் அமையும் தளம் செலவில் மிகக் குறைந்தது. அதன் நடுவிலுள்ள வெளியில் கூடைப்பந்தும் கபடியும் ஆடலாம். மாநகரின் புறப்பகுதியில் அத்தகைய தளம் ஒன்றும், அதைத் திறந்து வைத்திருக்க ஒரு காவலரும், கற்றுத்தர ஓர் ஆசானும், இரவல் தரப் பத்து வண்டிகளும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். பந்தய வண்டியின் விலை ஏழைத் தொழிலாளியின் பல மாதச் சம்பளத்துக்குச் சமம். ஆகவே அந்தப் பத்து வண்டிகள் இல்லாவிடில், தளம் இருந்தும் வசதியுள்ளோரின் பிள்ளைகளே அதில் ஓடுவார்கள். இவற்றோடு, ஞாயிறு காலையில் சில மணி நேரம் ஒரு சாலையை மோட்டார்களுக்கு மூடி வைப்பதும் நகரத்தாரால் இயலாத காரியமன்று. அதற்குச் செலவும் இல்லை.

1845ஆம் ஆண்டில் அவாபாய் அம்மையார் மாஹிமுக்குப் பாதை தந்தபோது, அதில் யார் செல்வார் என்று கணக்கெடுத்துவிட்டுத் தரவில்லை. பாதை வந்தது, அதன் பின்னர் மக்கள் வந்தார்கள். பந்தயத் தளத்தின் நியதியும் அதுவே. வைகறையில் அப்பாதையில் விரைகின்ற இளைஞர்கள், 1923ஆம் ஆண்டில் உலகை வலம் வரப் புறப்பட்ட அறுவரின் வழித்தோன்றல்கள் எனத் தக்கவர்கள். பஸ்கள் வருவதற்குள் ஓடி முடிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இனியும் நீடிக்கலாகாது.